குற்றம் முதலாளியுடையது, சாவி அரசினுடையது

2011 ஆகஸ்ட் 29 காலை, ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள மாருதி சுசுகி ஆலைக்கு வேலைக்கு வந்த தொழிலாளர்கள் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். உள்ளே செல்ல வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் கையொப்பமிட வேண்டும் என்றது நிர்வாகம். உற்பத்தியின் வேகத்தைக் குறைக்க மாட்டேன், இடையிடையே வேலையை நிறுத்த மாட்டேன், உள்ளிருப்பு வேலைநிறுத்தம் செய்ய மாட்டேன் என்பன அதிலிருந்த வாசகங்கள். ‘நன்னடத்தைப் பத்திரம்’ என்று அதற்குப் பெயர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும் என்று கோரி அதே தொழிலாளர்கள் 13 நாட்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அந்தச் சங்கத்தைப் பதிவு செய்ய மாநிலத் தொழிலாளர் துறை மறுத்திருந்தது. பத்திரத்தில் கையொப்பமிட மறுத்தோர் ஒரு மாதத்துக்கும் மேலாக வாயிலுக்கு வெளியே இருந்தனர். அக்டோபர் தொடக்கத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அந்த உடன்பாட்டின்படி தொழிலாளர்கள் அதே பத்திரத்தில் கையொப்பமிட்டுவிட்டு உள்ளே சென்றார்கள்.

அந்நாளில் நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில், முதலாளிகள் செய்யக்கூடாத நியாயமற்ற நடைமுறைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் எட்டாவதாக இருப்பது இதுதான்: சட்டபூர்வமான வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட தொழிலாளரை மீண்டும் வேலைக்கு அனுமதிக்க, நன்னடத்தைப் பத்திரத்தில் தனித்தனியாகக் கையொப்பமிடுமாறு வற்புறுத்துவது. ஆகஸ்டு மாதத்தில் மானேசரில் வேலைநிறுத்தமே நடக்கவில்லையே, அப்படியிருக்க இந்த வாசகம் எப்படிப் பொருந்தும் என்று நிர்வாகத்தின் வழக்குரைஞர் கேட்கக்கூடும். வேலைநிறுத்தம் செய்தவரிடமே கேட்கக் கூடாத பத்திரத்தை, செய்யாதவரிடம் கேட்பது எவ்வகையில் முறையாகும் என்று தொழிலாளர் தரப்பு திருப்பிக் கேட்கக்கூடும். இரண்டும் வாதங்களே. ஆனால் அந்த வாதங்களைக் கேட்டு, பத்திரம் செல்லுமா செல்லாதா என்று சில நாட்களில் சொல்லவல்ல மன்றம் ஒன்று வேண்டும். அதன் கதவைத் தொழிலாளியே தட்டவும் முடிய வேண்டும். மானேசர் தொழிலாளிக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

இல்லை என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியன்று. கதவு இருந்தது; சாவி வேறொருவர் கையில் இருந்தது. 25டி பிரிவு நியாயமற்ற நடைமுறைகளைத் தடை செய்தது. 25யு பிரிவு அவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று தண்டனை விதித்தது. சற்றுத் தள்ளி, 34ஆம் பிரிவு என்று ஒன்று. உரிய அரசு புகார் செய்தாலன்றி, அல்லது அதன் அதிகாரம் பெற்றவர் புகார் செய்தாலன்றி, இச்சட்டத்தின் கீழான எந்தக் குற்றத்தையும் எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு ஏற்கக் கூடாது என்கிறது அது. பழிவாங்கப்பட்டவர் தொழிலாளி; பழிவாங்கியவர் முதலாளி; புகார்தாரராகும் உரிமையோ அரசுக்கு மட்டும். அந்த அரசு முதலீட்டை ஈர்ப்பதற்காக அண்டை மாநிலத்தோடு போட்டி போட்டுக் கொண்டிருக்கும் அரசு. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தப் போட்டி மாறுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததும், சென்னை உயர்நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில்தான் அவர்களுடைய சங்கம் பதிவு பெற்றதும் தமிழ்த் தோழர்களுக்கு நினைவிருக்கும். பதிவுச் சான்றிதழ் ஒன்றுக்கே இந்தப் பாடு என்றால், அரசே முன்வந்து ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மீது குற்றப் புகார் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர் எவருமிலர்.

‘நியாயமற்ற நடைமுறை’ என்னும் பெயர்ப்பே இதில் ஒரு பகுதி மயக்கத்தை உண்டாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஆங்கிலச் சொற்றொடருக்கு நேரானதுதான். ஆயினும் கேட்பவருக்கு ஏதோ மரியாதைக் குறைவு, பண்புக் குறைவு போன்ற ஒன்றையே அது உணர்த்துகிறது. ஆலை வாயிலில் வழங்கும் சொல் ‘பழிவாங்கல்’. சங்கத்தில் சேர்ந்ததற்காக இடமாற்றம், பொய்க் குற்றச்சாட்டில் பணிநீக்கம், கைக்கூலிச் சங்கம் ஒன்றை நிர்வாகமே நிறுவி வளர்ப்பது, ஆண்டுக்கணக்கில் தற்காலிகத் தொழிலாளியாகவே வைத்திருந்து நிரந்தர உரிமையைப் பறிப்பது ஆகியவைதாம் அந்த அட்டவணையின் உள்ளடக்கம். சட்டத்தின் கண்ணிலும் இவை குற்றங்களே.

இந்தச் சொற்றொடர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் முதலாளிகளின் நியாயமற்ற நடைமுறைகளை வரையறுத்ததுடன், அவற்றை விசாரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்தையும் அமைத்தது. அங்குள்ள ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. வேலையிழந்த தொழிலாளி ஆறு மாதத்துக்குள் வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் குற்றச்சாட்டைப் பதிவு செய்தால் போதும், கட்டணம் இல்லை. வாரியத்தின் ஊழியர்களே சாட்சிகளிடம் வாக்குமூலம் பெறுகிறார்கள். குற்றச்சாட்டில் வலு இருப்பதாகத் தெரிந்தால் முதலில் சமரசத்துக்கு முயல்கிறார்கள்; அது கைகூடாவிட்டால் வாரியத்தின் தலைமை வழக்குரைஞர் பெயரில் முறைப்படி வழக்கு தொடரப்படுகிறது. நிர்வாகச் சட்ட நீதிபதி விசாரிக்கிறார். மேல்முறையீடு ஐவர் கொண்ட வாரியத்துக்கு. தொழிலாளிக்காக வழக்கை நடத்துவது அரசின் செலவில் இயங்கும் வழக்குரைஞர்.

இதைக் கண்டு மயங்கவும் வேண்டியதில்லை. விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் அச்சட்டம் தொடக்கத்திலேயே விலக்கி வைத்தது. முதலாளிக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் வாரியத்துக்குக் கிடையாது. வேலையை மீட்டுத் தரலாம், இழந்த ஊதியத்தைக் கணக்கிட்டுத் தரச் சொல்லலாம், ‘இனி இவ்வாறு செய்ய மாட்டோம்’ என்று ஆலைச் சுவரில் அறிவிப்பு ஒட்டச் சொல்லலாம். 1947இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் சங்கங்களின் மீதும் நியாயமற்ற நடைமுறைகளைச் சுமத்தியது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற சில நாட்களிலேயே வாரியத்தின் உறுப்பினர் ஒருவரைப் பதவிநீக்கம் செய்தார். உடனே வாரியத்துக்குத் தீர்ப்பளிக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கையே இல்லாமற் போயிற்று. மேல்முறையீடுகள் மேசையில் கிடந்தன. அங்கும் சாவி ஒன்று இருக்கிறது. அது வெள்ளை மாளிகையில் இருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கருத்து சட்டமாக முயன்ற கதை விசித்திரமானது. விடுதலை பெற்ற ஆண்டிலேயே, 1947இல், தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. சங்கங்களுக்குக் கட்டாய அங்கீகாரம், முதலாளிகளின் நியாயமற்ற நடைமுறைகளுக்குத் தடை ஆகிய இரண்டும் அதில் இருந்தன. அத்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் ஒருநாளும் வெளிவரவில்லை. 1958ஆம் ஆண்டின் ஒழுக்க விதித்தொகுப்பு சட்டபலம் இல்லாத, இரு தரப்பின் நல்லெண்ணத்தை நம்பிய ஒப்பந்தமாக நின்றுவிட்டது. 1982இல் தொழில் தகராறுகள் சட்டம் திருத்தப்பட்டு, 1984 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தபோதுதான் ஐந்தாவது அட்டவணை பிறந்தது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப்பேர உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றளவும் ஏற்று உறுதி செய்யவில்லை.

இந்தப் பொதுப் போக்குக்கு விலக்காக நின்றது மகாராஷ்டிரம். அங்கே 1971இல் இயற்றப்பட்டு 1975 செப்டம்பரில் அமலுக்கு வந்த தொழிற்சங்க அங்கீகார, நியாயமற்ற நடைமுறைத் தடுப்புச் சட்டம் மாநிலம் முழுவதிலும் வேறொரு வழியைத் திறந்தது. நடைமுறை நிகழ்ந்த 90 நாட்களுக்குள் தொழிலாளியோ சங்கமோ நேரடியாகப் புகார் தாக்கல் செய்யலாம். பணிநீக்கம் என்றால் தொழிலாளர் நீதிமன்றம். ஏனையவை தொழில் நீதிமன்றம். சமரச அதிகாரியின் தோல்வி அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். தகராறை விசாரணைக்கு அனுப்புமாறு அரசிடம் மன்றாட வேண்டாம். நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். நடைமுறை நிகழ்ந்தது உண்மை என்று கண்டால் அதை நிறுத்தச் சொல்லவும், பின்ஊதியத்துடன் வேலையை மீட்டுத் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிடலாம்.

இவை அனைத்திலும் மேலானது 30ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே இடைக்கால உத்தரவு பிறப்பிக்க அது நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கீழ்ப்படியாத முதலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. ஒரு சங்கம் உயிரோடிருப்பதும் அழிவதும் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. ஐந்து முன்னணித் தோழர்கள் வெளியே தள்ளப்பட்டால் மற்றவர்கள் உறுப்பினர் சந்தா கொடுக்கத் தயங்குவார்கள். எட்டு ஆண்டுக்குப் பிறகு ஐவரும் முழு ஊதியத்தோடு வெற்றி பெற்று வந்தாலும் அவர்கள் திரும்பி வரும் ஆலையில் சங்கம் இராது. ஆகவே இடைக்கால உத்தரவு என்பது வழக்கின் ஒரு துணைப் பகுதியன்று. சங்கத்தைப் பொறுத்தமட்டில் அதுவே வழக்கு. உச்ச நீதிமன்றம் 1995இல் இந்துஸ்தான் லீவர் வழக்கில் இன்னும் ஒரு படி சென்றது. பணிநீக்க உத்தரவு வந்த பிறகுதான் புகார் செய்யலாம் என்பதில்லை, நிர்வாகம் அதற்கு ஆயத்தம் செய்யும் கட்டத்திலேயே தொழிலாளி நீதிமன்றம் வரலாம் என்று அது தீர்ப்பளித்தது.

மகாராஷ்டிரச் சட்டம் தொழிலாளி வர்க்கத்தின் பொற்காலத்தைக் கொண்டுவந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அதன் முதற்பாதி, அங்கீகாரம் பற்றியது, இடதுசாரிச் சங்கங்களின் கடும் விமர்சனத்துக்கு உரியது. 30 விழுக்காடு உறுப்பினர்களைக் கணக்குப் புத்தகத்தில் காட்டும் ஒரு சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும்; இரகசிய வாக்கெடுப்புக்கு இடமில்லை. தற்காலிகத் தொழிலாளரை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது போன்ற சில இனங்களில், அங்கீகாரம் பெற்ற சங்கம் இருக்குமாயின் அதன் வழியாக மட்டுமே வாதாட முடியும். அந்தச் சங்கம் நிர்வாகத்தின் சட்டைப்பைக்குள் இருந்தால் தொழிலாளியின் நிலை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மெய்ப்பிக்கும் பாரமும் தொழிலாளியின் தோள்மீதுதான். பழிவாங்கும் நோக்கம் முதலாளியின் மனத்தில் இருக்கிறது. அதை அவர் எந்தக் கோப்பிலும் எழுதி வைப்பதில்லை. இடமாற்ற உத்தரவில் ‘நிர்வாகத் தேவை’ என்றுதான் இருக்கும். தேதிகளே அங்கு சாட்சி சொல்லும். சங்கப் பேரவை கூடிய நாள், நிர்வாகிகளின் பட்டியல் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட நாள், முதல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்த நாள் ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் நீதிபதிக்கு நோக்கம் புலப்படும். பதிவேட்டை ஒழுங்காக வைத்திராத கிளைச் சங்கம், உண்மை தன் பக்கம் இருந்தும், தோற்றுப் போகும்.

அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டையை உண்டாக்கியவர்கள் அதை எழுதியவர்கள் அல்லர். 2001இல் கல்யாணி ஸ்டீல்ஸ், சிப்ளா என்னும் இரு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அதை உண்டாக்கியது. முதல் வழக்கில் உணவகத் தொழிலாளர். இரண்டாவதில் கூட்டிப் பெருக்கும் துப்புரவுத் தொழிலாளர். ஒப்பந்தக்காரர் வெறும் முகமூடி, தங்கள் முதலாளி ஆலை நிறுவனமே என்பது அவர்களின் வாதம். நிறுவனம் ‘இவர்கள் எம் ஊழியரே அல்லர்’ என்று மறுத்தது. அவ்வாறு மறுக்கப்படுமாயின், தாம் ஊழியரே என்பதை வேறு மன்றத்தில் முதலில் நிலைநாட்டிவிட்டு வர வேண்டும், அதுவரை இச்சட்டத்தின் கீழ்ப் புகார் செல்லாது என்றது நீதிமன்றம். பழைய நீண்ட பாதைக்கே, சமரச அதிகாரி, அரசின் பரிந்துரை, தீர்ப்பாயம் என்ற அதே பாதைக்கே, அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். உழைப்பின் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர் வழியாகவே வாங்கப்படும் காலம் தொடங்கியிருந்தபோது வந்த தீர்ப்பு இது. முதலாளி செய்ய வேண்டியதெல்லாம் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று ஒரு வரி எழுதுவதே.

எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பும் உண்டு. மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்துகளைக் கழுவித் துப்புரவு செய்து வந்த தற்காலிகத் தொழிலாளர்களின் வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் நிரந்தரத்தை உறுதி செய்தது. அரசுத் துறைகளில் தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்கக் கூடாது என்ற 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பு எல்லா இடங்களிலும் தொழிலாளிக்கு எதிராக வீசப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. நியாயமற்ற நடைமுறை மெய்ப்பிக்கப்பட்டால் தொழில் நீதிமன்றத்தின் அதிகாரத்தை அத்தீர்ப்பு பறித்துவிடாது என்று அந்த வழக்கில் சொல்லப்பட்டது. நேரடியாகப் புகார் செய்யும் உரிமையை வைத்திருந்ததால்தான் அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களால் இதைப் பெற முடிந்தது.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் தொழில் உறவுகள் தொகுப்பின் இரண்டாவது அட்டவணையில் பழைய பட்டியல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. நன்னடத்தைப் பத்திரமும் இருக்கிறது. ஆட்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி ‘எதையும் பறிக்கவில்லையே’ என்கிறார்கள். தண்டனைப் பிரிவை எடுத்துப் பார்த்தால் பறித்தது தெரியும். பழைய சட்டத்தில் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை என்றிருந்தது. இப்போது முதல் முறை என்றால் 10,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் மட்டும்; சிறை இல்லை. அதையும் உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டி இணக்கமாகத் தீர்த்துக் கொள்ளலாம். அதாவது, ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரு சங்கத்தை அழித்துக் கொள்ளலாம். நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்தில் கலந்து கொண்ட தொழிலாளிக்கோ, முதல் முறையே ஒரு மாதம் வரை சிறை உண்டு. பழைய சட்டத்தில் 50 ரூபாயாக இருந்த அவருடைய அபராதம் 10,000 ரூபாய் வரை உயர்ந்துள்ளது. எல்லாத் தொழில்களிலும் முன்னறிவிப்பு கொடுத்து 14 நாட்கள் காத்திருக்க வேண்டும், சமரசம் நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது என்ற விதிகளால் சட்டபூர்வ வேலைநிறுத்தம் என்பதே அரிய பொருளாகிவிடும். பாதிப் பேர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலே அதுவும் வேலைநிறுத்தம்தான்.

ஒரு மாற்றத்தை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். சமரசம் தோற்றபின் தகராறை அரசு பரிந்துரைத்தால்தான் தீர்ப்பாயம் விசாரிக்கும் என்ற பழைய முறை நீங்கியிருக்கிறது. தரப்பினர் 90 நாட்களுக்குள் தாமே தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். இது தொழிற்சங்க இயக்கம் நெடுங்காலம் கோரி வந்ததுதான். ஆனால் நியாயமற்ற நடைமுறையைக் குற்றமாக விசாரிக்கும் கதவுக்கு இந்தத் தளர்வு எட்டவில்லை. பழைய 34ஆம் பிரிவு, 87ஆம் பிரிவு என்ற புதிய எண்ணோடு அங்கேயே நிற்கிறது: அரசின் புகார் இன்றி எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது. தற்காலிகத் தொழிலாளியை ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருப்பது நியாயமற்ற நடைமுறை என்று அட்டவணை சொல்லிக் கொண்டிருக்க, குறித்த காலப் பணி என்ற பெயரில் அதையே சட்டபூர்வமாகச் செய்ய அதே தொகுப்பு வழி செய்கிறது. ஆக, அந்த இனத்தில் புகார் செய்ய அரசுக்கும் இனி அதிகம் இராது.

மகாராஷ்டிரச் சட்டத்தின் கதி என்ன என்பது இனி எழும் கேள்வி. தொகுப்பு மூன்று ஒன்றியச் சட்டங்களையே பெயர் சொல்லி நீக்குகிறது; 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் ஒரே பொருளில் பிற்காலத்து நாடாளுமன்றச் சட்டம் வந்துவிட்டதால் மாநிலச் சட்டம் செல்லாது என்ற வாதத்தை முதலாளிகளின் வழக்குரைஞர்கள் எழுப்பாமல் விடுவார்கள் என்று நம்ப முடியாது. அவ்வாதம் ஏற்கப்பட்டால், நாட்டிலேயே பழிவாங்கப்பட்ட தொழிலாளி 90 நாட்களுக்குள் தானே சென்று இடைக்கால உத்தரவு கேட்கக்கூடிய அந்த ஒரு கதவும் மூடப்படும். அதைப் பாதுகாக்கும் போராட்டம் மும்பை, புனே தோழர்களுக்கு மட்டும் உரியதன்று.

தொகுப்புகளைத் திரும்பப் பெறு என்ற முழக்கம் சரியானது. அது தொடர வேண்டும். ஆனால் அதற்குள் அடங்கிய குறிப்பான கோரிக்கைகளை ஆலை வாயிலில் நிற்கும் தொழிலாளி தன் வாயால் சொல்லும் அளவுக்குக் கொண்டுசென்றோமா என்பதில் ஐயம் உண்டு. நியாயமற்ற நடைமுறைக்கு எதிராகத் தொழிலாளியும் சங்கமும் நேரடியாகப் புகார் செய்யும் உரிமை வேண்டும். முதற்சில வாரங்களிலேயே இடைக்கால உத்தரவு கிடைக்க வேண்டும். ‘எம் ஊழியர் அல்லர்’ என்ற ஒரு வரியால் ஒப்பந்தத் தொழிலாளியை வெளியே தள்ள முடியாதவாறு, அந்தக் கேள்வியையும் அதே மன்றமே விசாரித்துத் தீர்க்க வேண்டும். தொழிலாளர் விவகாரம் ஒத்திசைவுப் பட்டியலில் இருப்பதால், மகாராஷ்டிரம் அன்று செய்தது போல் ஒரு சட்டத்தை எந்த மாநிலச் சட்டமன்றமும் இன்றும் நிறைவேற்றலாம். ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் இடங்களில் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும். அந்த ஒப்புதல் தில்லியிலிருந்து எளிதில் வராது. இருந்தும், சட்டமன்றத்தில் அப்படியொரு மசோதாவைக் கொண்டு வருமாறு கேட்டால் ஒவ்வொரு மாநில அரசும் தான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லியாக வேண்டிவரும். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தொகுப்புகளை அமல்படுத்த மாட்டோம் என்று 2025 நவம்பரிலேயே அறிவித்தது. மற்ற மாநிலங்களின் ஆளுங்கட்சிகளை நோக்கி இந்தக் கேள்வி இன்னும் உரக்கக் கேட்கப்படவில்லை.